கடைசி வீடு யார் வீடு?

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் கோழி வெந்துகொண்டிருந்தது. லயம் என்கிற வரிசை வீடுகளில், மேட்டு லயத்தில் ஒரு வீடு, கீழே பணிய லயத்தில் ஒரு வீடு, நடு லயத்தில் எங்கள் வீடு. இன்று மாலை கரோல் குழுவுக்கு விருந்து நம் வீட்டில்தான் என்று நம்பித்தான் மூன்று வீட்டிலும் கோழி வாங்கியிருந்தார்கள். மூன்று பேருக்கும் 'சரி' சொன்ன வாய் இந்த வாய்தான்.

நான் ஆராதனைக்கு வந்து சேர்ச்சில் இரண்டாவது வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு அரைத்தாள். கரோல் போகும் வீடுகளின் வரிசை அதில் என் கையெழுத்தில் ஒன்று முதல் பத்தொன்பது வரை இருந்தது. மொத்தம் இருபத்திரண்டு வீடு. மிச்சம் மூன்று இடமும் வெறுமை. அதை நிரப்ப வேண்டிய நேரம் வருவதற்குள் கர்த்தர் வந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று ஒரு வாரமாகக் காத்திருந்தேன். அவர் வருகிற மாதிரித் தெரியவில்லை.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதிய தொட்டில் கயிறு அறுந்த கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் ரொம்ப நல்லவர் போலிருக்கிறது" என்று கினிகத்தேனையிலிருந்து ஒரு வாசகி போன் பண்ணிச் சொன்னார். அந்த நல்லவளின் லட்சணத்தை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் புரட்டுகிறவர்களுக்காக: என் பெயர் செலின். றொசல்ல ஸ்டேசனில் இறங்கி அரைமணி நேரம் ஏறினால் வரும் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் காலையில் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. வீட்டுக்காரர் தேவராஜ், தேயிலைப் பெக்டரியில் வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. காம்பராவில் இருபது பேர் இருக்கிறார்களே, அது போதாதா?

பட்டப்பகலில் நட்சத்திரம்

கரோல் என்றால் இரவில்தானே என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான் இருந்தது, புலி வரும்வரை. சிறுத்தை என்று படித்தவர்கள் திருத்துவார்கள். எங்களுக்குப் புலிதான். சில வருசங்களுக்கு முன் சேர்ச் பக்கத்திலேயே ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மறுவாரமே சபையார் கூடிப் பேசி, இனிமேல் கரோல் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, இருட்டுவதற்கு முன் முடிய வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

அதனால் எங்கள் நட்சத்திரம் பட்டப்பகலில் பற்றரி போட்டு எரியும். நத்தார் தாத்தாவின் பஞ்சுத் தாடி மூடுபனியில் நனைந்து ஆட்டுக்குட்டி வால் மாதிரித் தொங்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பார்கள். அதுவும் நல்லதுதானே!

கரோலில் கடைசி வீடு என்று ஒன்று உண்டு. மற்ற வீடுகளில் தேத்தண்ணி, கேக், முறுக்கு. கடைசி வீட்டில்தான் எல்லோருக்கும் உட்காரவைத்துச் சோறு. பாட்டு அங்கேதான் முடியும், ஜெபம் அங்கேதான் முடியும். ஒரு வீட்டுக்கு அது எப்பேர்ப்பட்ட பெருமை என்று லயத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த நத்தார் வரைக்கும், "போன வருசம் கடைசி வீடு எங்க வீடு" என்று சொல்லிக்கொள்ளலாம்.

பதினெட்டு வருசமாக இந்த வரிசையை எழுதுகிறவள் நான். நான் எழுதிய வரிசையில் எங்கள் வீடு ஒரு தடவைகூடக் கடைசியாக வந்ததில்லை. வழியில் வரும்போது, "நம்ம வீடுதானே" என்று அரைப் பாட்டுப் பாடிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

மூன்று மொழியில் ஒரே சொல்

எனக்குத் தமிழில் சரி, சிங்களத்தில் ஹரி, இங்கிலீசில் ஓகே. மூன்று மொழி தெரிந்தும் ஒரே சொல்லைத்தான் வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன்.

பிறந்து வளர்ந்தது லயத்தில். இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். இங்கே தும்மினால் அங்கே "என்ன தடிமனா?" என்று கேட்பார்கள். காலையில் ஒருத்தர் முகம் கோணினால், சாயங்காலம் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பத்துப் பேர் முகம் கோணும். சின்னப் பிள்ளையிலேயே எனக்கு அது விளங்கிவிட்டது. யார் என்ன கேட்டாலும் 'சரி' என்று சொல்லிவிட்டு உடனே அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். முகம் மலர்ந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

கரோல் நாளில் தேத்தண்ணி கதையைக் கேளுங்கள். எல்லோரும் நாலாவது வீட்டோடு போதும் என்பார்கள். நான் இருபத்திரண்டு வீட்டிலும் குடிப்பேன். ஒரு வீட்டில் குடித்து இன்னொரு வீட்டில் வேண்டாம் என்றால் என்ன நினைப்பார்கள்? குடிக்க மாட்டாதவர்கள் தங்கள் கோப்பையையும் நைசாக என் கையில் தள்ளிவிடுவார்கள். ஒரு வருசம் பன்னிரண்டாவது வீட்டில் பாட்டின் நடுவே நான் ஓடிய ஓட்டத்தை நத்தார் தாத்தா இன்னும் நடித்துக் காட்டுகிறார்.

இதற்கெல்லாம் நான் ஒரு பெரிய பெயர் வைத்திருந்தேன்: கிறிஸ்தவ சாட்சி. எல்லோருக்கும் நல்லவளாக இருப்பது, யார் மனதையும் நோகடிக்காமல் இருப்பது, இதுதான் சிலுவை சுமப்பது என்று நினைத்திருந்தேன். உள்ளே இருந்தது பச்சைப் பயம். அன்புக்கும் பயத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுக்கும் நான் சிரித்த சிரிப்பு ஒரே சிரிப்புதான்.

சொன்ன சரி, சொல்லாத காரணம்

முதலில் கேட்டவர் எங்கள் வீட்டுக்காரர்தான். அது மழைக்காலம். பெக்டரி விட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"இந்த வருசம் கடைசி வீடு நம்ம வீடா இருக்கட்டும்."

"சரி சரி," என்றேன். அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

கல்யாணமான புதிதில் இதே மாதிரிக் கேட்டிருக்கிறார். அப்போது கூரை ஒழுகியது. அடுத்த வருசம் என்றேன். அடுத்த வருசம் மேட்டு லயத்து ரூத் அக்கா கேட்டார். அதற்கடுத்த வருசமும் அவர்தான். பிறகு பிறகு இவர் கேட்பதை விட்டுவிட்டார். நானும் அப்பாடா என்று இருந்தேன்.

இந்த முறை கேட்டதோடு நிற்கவில்லை. வட்டவளையிலிருந்து பலகை வாங்கி வந்தார். முன் தாழ்வாரமான இஸ்தோப்பில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சீவிக்கொண்டேயிருந்தார். "ஞாயித்துக்கெழம ஆனா இந்தக் குப்பையக் கூட்டவே எனக்கு நேரம் சரியாப் போவுது," என்று மரச்சீவலைக் கூட்டிக்கூட்டித் திட்டினேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. இரண்டு நீள வாங்கு உருவானது. கரோல் குழு உட்காருவதற்கு.

இரண்டாவது, ரூத் அக்கா. சபைச் செயலாளரின் மனைவி. மேட்டு லயம். நல்ல கை, நல்ல மனசு, கோபம் மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும்.

"என்ன செலின், வழக்கம்போல நம்ம வீடுதானே? கோழிக்குச் சொல்லிறவா?"

"அதுக்கென்னக்கா, சொல்லுங்க."

மூன்றாவது, புஷ்பம். பணிய லயத்துப் புஷ்பம் கொழுந்து பறிக்கிறவள். அவள் கடைக்குட்டி என் காம்பராவில்தான் தூங்குவான். இந்துக் குடும்பம். மூத்த மகள் அந்த வருசம் ஓலெவல் பரீட்சையில் நல்லாப் பாஸ். அந்த லயத்தில் முதல் ஆள். ஒரு காலையில் குழந்தையை என் கையில் தரும்போதே கேட்டாள்.

"அக்கா, அம்மனுக்குப் பொங்கல் வச்சிட்டேன். மக பரீட்சை எழுதுறப்ப நீங்களும் ஒங்க சேர்ச்சில செபம் பண்ணுனீங்கல்ல. ஒங்க சாமிக்கும் ஒரு சோறு போடணும். கரோல் வர்றப்ப கடைசி வீடா எங்க வீட்டுக்கு வருவீங்களா? மார்கழி பொறந்துட்டா நாங்க கோழி தொட மாட்டோம், அதுக்கு முன்னாடி வந்துருங்க."

கண் நிறையக் கேட்கிறாள். என்ன சொல்வேன்? "கண்டிப்பா புஷ்பம்!" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. எனக்கு மூச்சு வந்தது.

கோவில் அண்டா

கரோலுக்கு முதல் நாள், சனிக்கிழமை. பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காம்பராவைப் பூட்டும்போது புஷ்பம் வந்தாள்.

"அக்கா, கோவில் அண்டாவக் கேட்டுப் போனேன். தேவராஜ் அண்ணன் கரோல் சாப்பாட்டுக்குன்னு எடுத்துட்டுப் போயிட்டாராம். நீங்க எனக்காகத்தான் எடுத்து வச்சீங்களா?"

அந்த இடத்தில் ஒரு மனுசி என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இல்ல புஷ்பம், ஒரு தப்பு நடந்திருச்சு" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆமா புஷ்பம், ஒனக்குத்தான்."

வீட்டுக்குப் போனால், வாசலில் அவர் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அண்டா மின்னுகிறது. அம்மன் கோவில் திருவிழாவுக்கு மட்டும் இறக்குகிற அண்டா. முழங்கை வரைக்கும் கரி. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு!

"கடைசி வீடுன்னா சும்மாவா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே புஷ்பம் வந்து நின்றாள். "அண்ணே, அண்டாவக் குடுங்க, நான் தூக்கிட்டுப் போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். புஷ்பமும் என்னைப் பார்த்தாள். இரண்டு முகத்தில் ஒரு முகம் கோணத்தான் போகிறது. எதைக் கோண விட்டேன் என்று இன்றைக்கு எழுதக் கை கூசுகிறது.

"குடுத்துருங்க," என்றேன். "அவளுக்கு அவசரம்."

அவர் எழுந்தார். கையைக் கழுவினார். "ஒனக்குத் தூக்க முடியாது தங்கச்சி," என்று சொல்லி, அண்டாவைத் தானே தோளில் வைத்துக்கொண்டு பணிய லயத்துக்குப் படியிறங்கினார்.

திரும்பி வந்தபோது குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"புஷ்பம் வீட்டுலயும் கடைசி வீடாமே?"

நான் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தேன்.

"ரூத் அக்கா வீட்டுலயுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் உள்ளே போய் எங்கள் வீட்டுச் சின்னச் சட்டிகள் மூன்றை எடுத்து வந்து தேய்க்க ஆரம்பித்தார். "நான் ஆக்குறத ஆக்குறேன். வந்தா சாப்புடுங்க."

பதினெட்டு வருசம் ஊருக்கெல்லாம் 'சரி' சொன்னேன். 'இல்லை' என்ற சொல் எனக்குத் தெரியாது என்று ஊரே சொல்லும். தெரியாமலென்ன, நன்றாகத் தெரியும். அத்தனையையும் வீட்டுக்குள் ஒரே மனுசனுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். அவர் முகத்தை நான் பார்க்காததால் அது கோணியதுகூடத் தெரியவில்லை. மரச்சீவலைக் கூட்டிக் கொட்டியவளுக்கு, அது எதற்கென்று கேட்கத் தோன்றவில்லையே!

எல்லோரும் தேடிய ஆள்

ஞாயிறு. அன்று வேதபாடம் வாசிக்கிற முறை எனக்கு. பலமுறை வாசித்த பகுதிதான். ஒரு சாயங்காலம் ஊரே வாசலில் வந்து கூடுகிறது, இயேசு நோயாளிகளைச் சுகமாக்குகிறார். மறுநாள் விடியுமுன்னே எழுந்து, தனியிடம் போய் ஜெபம் பண்ணுகிறார். சீடர்கள் தேடிக் கண்டுபிடித்து, ஊர் முழுக்க உங்களைத் தேடுகிறது என்கிறார்கள்.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? "ஐயோ மன்னிச்சுக்குங்க, இதோ வந்துட்டேன்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியிருப்பேன். அவர் திரும்பவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம், அதற்காகத்தான் வந்தேன் என்று நடந்துவிடுகிறார்.

வாசித்துக்கொண்டிருந்த நாக்கு அங்கே நின்றுவிட்டது. அந்த ஊர் வாசலில் அன்றைக்கு எத்தனை முகம் கோணியிருக்கும்! அவருக்கு அன்பில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? எல்லோருக்கும் சரி சொல்லாத ஒருவரைத்தான் நான் இத்தனை வருசம் ஆண்டவரே என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் முதலில் பிதாவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். நான் ஒரு வாரமாக அவரிடம் வாருங்கள் வாருங்கள் என்றேனே தவிர, நான் என்ன செய்யட்டும் என்று ஒரு தடவை கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே கேட்டேன். ஒரு நொடி ஜெபம்தான்.

"என்ன அக்கா, கண்ணாடி வேணுமா?" என்று எங்கள் இளம் போதகர் மெதுவாகக் கேட்டார்.

"வேணாங்கய்யா, இப்ப நல்லாத் தெரியுது," என்று மீதியை வாசித்து முடித்தேன்.

அறிவித்தல் நேரம். ரூத் அக்காவின் வீட்டுக்காரர் எழுந்து, "செலின் தங்கச்சி கரோல் வழிய வாசிப்பாங்க," என்றார். அரைத்தாளோடு எழுந்தேன். முன் வாங்கில் ரூத் அக்கா, நல்ல சேலையில். வாசல் நிலையில் சாய்ந்து, வரிசையைக் கேட்க வந்த புஷ்பம், இடுப்பில் குழந்தை. கடைசி வாங்கில் என் வீட்டுக்காரர். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். காம்பராப் பிள்ளைகள் பால் கோப்பையைப் பார்க்கிற மாதிரி என் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத வீடு, புஷ்பம் வீடு," என்று ஆரம்பித்தேன். வாசலில் புஷ்பம் நிமிர்ந்தாள். நான் நிறுத்தவில்லை. பத்தொன்பது வீட்டையும் வரிசையாக வாசித்தேன். "அதுக்கடுத்து ரூத் அக்கா வீடு. கடைசி வீடு..." செருமிக்கொண்டு சொன்னேன். "கடைசி வீடு எங்க வீடு."

தாளை நாலாக மடித்தேன்.

"நான் மூணு பேருக்குச் சரின்னு சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரருதான் மொதல்ல கேட்டாரு. பெறகு ரூத் அக்காகிட்டயும் புஷ்பத்துக்கிட்டயும் சரின்னு பொய் சொன்னேன். யாரும் முகம் கோணுனா எனக்குத் தாங்காது, அதான். மன்னிச்சுக்குங்க."

ரூத் அக்கா எழுந்தார். "அப்ப விடியக்காலம் எந்திரிச்சு நான் ஆக்கி வச்ச கோழிக்கு யாரு பதில் சொல்றது?"

"நான்தாங்கா. தப்பு என்னோடதுதான்."

"அப்ப எங்க வீட்டுக்குக் கரோலும் வேணாம், ஒண்ணும் வேணாம்." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். போதகர் இருமினார்.

என் கால் இரண்டும் அவர் பின்னால் ஓடத் துடித்தன. "சரிக்கா, உங்க வீடுதான்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருத்தர் என்மேல் கோபமாகப் போகிறார், நான் உயிரோடு நிற்கிறேன்! சேர்ச் கூரைகூட அப்படியே இருந்தது.

வாசலிலிருந்து புஷ்பத்தின் குரல். "அக்கா, மொத வீடுன்னா எத்தன மணிக்கு?"

"இப்பவேதான் புஷ்பம். இங்க முடிஞ்சதும் வர்றோம்."

"ஐயையோ, நான் இன்னும் அரிசியே போடலையே!" என்று குழந்தையோடு ஓடினாள். சபை முழுக்கச் சிரித்துவிட்டது. நான் கடைசி வாங்கைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து பாட்டுப் புத்தகத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகம் தலைகீழாக இருந்தது.

சாப்பிட்டுவிட்டுப் பாடினோம்

உலகத்திலேயே முதல் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய கரோல் குழு எங்களுடையதாகத்தான் இருக்கும். கோவில் அண்டா நிறைய மஞ்சள் சோறு. புஷ்பத்தின் மகள் தானே பரிமாறினாள். "சோறு எப்பப் போட்டா என்னக்கா, ஒங்க வயிறு நெறஞ்சாச் சரி," என்றாள் புஷ்பம். இவளிடம் உண்மையைச் சொல்லவா நான் அத்தனை பயந்தேன்?

வயிறு நிறைந்ததில் கட்டைக் குரல்காரர்கள் எழும்பவே மாட்டேன் என்றார்கள். இரண்டாவது வீட்டில் பாட்டு மாட்டுவண்டி வேகத்தில்தான் போனது. நத்தார் தாத்தா ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து குட்டித் தூக்கமே போட்டுவிட்டார்.

நாலாவது வீட்டில் கோப்பையை நீட்டினார்கள். பால் தேத்தண்ணி, ஆவி பறக்கிறது. "எனக்கு வேணாம்மா, போதும்," என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்படியா?" என்று அந்த அம்மா கோப்பையைத் திருப்பித் தன் வாயில் வைத்து, மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "நல்லவேள, எனக்குத்தான் காலையிலருந்து ஒண்ணும் குடிக்க நேரமில்ல," என்றார்.

எனக்கு வந்த சிரிப்பில் பாட்டை விட்டுவிட்டேன். இதற்காகவா அத்தனை வருசம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்!

ரூத் அக்காவின் கதவு சாத்தியிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "பாடுவோம்," என்றேன். சாத்திய கதவுக்கு முன்னால் ஒரு பாட்டை ஒரு அடிகூட விடாமல் பாடினோம். ஜன்னல் சீலை அசைந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து கோழிக்கறி வாசம் மட்டும் வந்தது. மனசு வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். வலியோடேயே நடந்தேன்.

எங்கள் வீட்டுக் கதவு

நாலரை மணி இருக்கும். மலையில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டுப் படியேறுகிறோம், கதவு சாத்தியிருக்கிறது. எனக்குப் பக்கென்றது. கோபத்தில் எங்கேயாவது போய்விட்டாரா? எங்களோடுதானே கீழ்வரை வந்தார்?

பிறகுதான் விளங்கியது. முன்னால் ஓடிப்போய், உள்ளே நின்று, கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். கரோல் வந்து பாடினால் வீட்டுக்காரர் கதவைத் திறந்து வரவேற்கிறதுதானே முறை? பதினெட்டு வருசத்தில் அவர் அதை ஒரு தடவை செய்ததில்லை.

என் வீட்டுக் கதவுக்கு முன்னால் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று முழுப் பாட்டையும் பாடினேன். மூன்றாம் அடியில் குரல் உடைந்துவிட்டது. மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

கதவு திறந்தது. புதுச் சட்டையில் நிற்கிறார். எங்களை எதிர்பார்க்கவே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அடடே, வாங்க வாங்க, எல்லாரும் உள்ள வாங்க!" என்றார். என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்கம்மா," என்றார். கொல்லென்று சிரிப்பு.

இஸ்தோப்பில் அவர் செய்த இரண்டு வாங்கு. பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஆட்டமில்லை, அசைவில்லை. "யாரு செஞ்சது?" என்று போதகர் கேட்டார். "சும்மா, நான்தாங்கய்யா," என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே ஓடிவிட்டார். சின்னச் சட்டி மூன்றிலும் இருந்த கறியும் சோறும் வந்தன. பின்னாலேயே புஷ்பம், கழுவிய அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படியேறி வந்தாள்.

"அண்ணே, இந்தாங்க ஒங்க அண்டா. இதுல தேத்தண்ணியாவது போடுங்க."

போட்டார். கோவில் அண்டாவில் கரோல் தேத்தண்ணி. அதை நான் ஆசைப்பட்டுக் குடித்தேன்.

பாதிச் சாப்பாட்டில் படியில் ஒரு செருமல். ரூத் அக்கா. கையில் துணி சுற்றிய பெரிய சட்டி. பின்னால் அவர் வீட்டுக்காரர், இன்னொரு சட்டியோடு.

எல்லோரும் எழுந்தோம். "இருங்க இருங்க," என்றார் ரூத் அக்கா. "கோவம் ஒண்ணும் போகல. ஆக்குன கோழி வீணாப் போவக்கூடாதுன்னு வந்தேன்." சட்டியை என் கையில் தராமல் என் வீட்டுக்காரர் கையில் தந்தார். பிறகு வாங்கில் உட்கார்ந்து, கையால் பலகையைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்க தேவராஜு."

சாப்பிட்டு, ஜெபம் முடிந்து, கிளம்பும்போது ரூத் அக்கா என் பக்கம் திரும்பினார். சேர்ச்சில் கோபித்துக்கொண்டு போன பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அடுத்த வருசம் கடைசி வீடு எங்க வீடு. இப்பவே சொல்லிப்புட்டேன்."

பழைய நாக்கு துள்ளிக்கொண்டு வந்தது. அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"கேட்டுச் சொல்றேங்கா."

"யார்கிட்டக் கேக்கணும்?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட."

எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காத மனுசன். தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரையும் பார்த்து உரக்கச் சொன்னார்.

"கேட்டுட்டா! பாத்தீங்களா, என்னைய ஒரு வார்த்த கேட்டுட்டா!"

பிறகு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"குடுத்துரு புள்ள. எனக்கு இந்த ஒரு நாள் போதும்."

"சரிக்கா," என்றேன் ரூத் அக்காவிடம். சொன்னபோது நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தைத்தான், என் வீட்டுக்காரர் முகத்தை.